ஆட்டோமேட்டிக் காரில் செல்ஃப் அடிக்கவில்லையா? சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை தேடும் முறை

"வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது, "செல்ஃப் அடிக்குதா, இல்லையா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலவே இல்லை என்றால் கோளாறு மின்சாரப் பாதையில் இருக்கிறது: பேட்டரி, வயர், சுவிட்ச், ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைக் கடத்தும் மின்சுவிட்ச்), ஸ்டார்ட்டர் (எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டார், பேச்சில் 'செல்ஃப்'). எஞ்சின் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், இம்மொபிலைசர் (சாவியின் சிப்பைச் சரிபார்க்கும் திருட்டுப் பூட்டு) பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவது வகைக் கோளாறுக்குப் புது பேட்டரி வாங்கி மாட்டி ஏமாந்தவர்கள் ஏராளம்.

இங்கே சொல்வது 1990-களிலும் 2000-களிலும் வந்த, சாவி போட்டுத் திருப்பும், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் பாகம்) கியர்பாக்ஸ் கொண்ட பெட்ரோல் கார்களைப் பற்றி. இலங்கையில் இன்னும் ஓடும் பழைய ஜப்பான் கொரோலா, சன்னி வகையறாக்களும், இந்தியாவில் அந்தக் காலத்தில் வந்த ஹோண்டா, ஹூண்டாய் ஆட்டோமேட்டிக்குகளும் இதில் அடங்கும். 2014-ல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல்) வேறு ஜாதி. அதன் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான்.

மேனுவல் கார் என்றால் நாலு பேர் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் வண்டி பற்றிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்சுகளை இறுக்குவது எண்ணெய் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தரும் பம்ப்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நிற்கும்போது அழுத்தம் இல்லை, சக்கரம் எவ்வளவு உருண்டாலும் அந்தச் சுழற்சி எஞ்சினுக்குப் போய்ச் சேராது. (1960-களின் நடுப்பகுதி வரை வந்த சில அமெரிக்க ஆட்டோமேட்டிக்குகளில் கியர்பாக்ஸின் பின்புறம் இரண்டாவது பம்ப் ஒன்று இருந்தது, அவற்றைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடிந்தது. செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள்.) ஆகவே லீவரை டி-யில் (டிரைவ்) போட்டுத் தள்ளச் சொல்லி அக்கம்பக்கத்தாரைச் சிரமப்படுத்த வேண்டாம்.

இரண்டு பாதைகள்

செல்ஃப் அடிக்க இரண்டு மின்பாதைகள் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். ஒன்று தடித்த பாதை: பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து விரல் கனமுள்ள கேபிள் வழியாக ஸ்டார்ட்டருக்கு, அங்கிருந்து எஞ்சின் உடம்பு, எர்த் கேபிள் வழியாகத் திரும்பப் பேட்டரியின் நெகட்டிவுக்கு. நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைச் சுழற்ற இந்தப் பாதையில் 100 முதல் 200 ஆம்பியர் வரை ஓடும். இன்னொன்று மெல்லிய பாதை: பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச், கியர்பாக்ஸில் உள்ள பார்க்-நியூட்ரல் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, கடைசியாக ஸ்டார்ட்டர் மேலிருக்கும் சோலனாய்டு (கரன்ட் வந்ததும் உள்தண்டை இழுக்கும் மின்காந்தம்). இந்தப் பாதையின் வேலை, தடித்த பாதையைத் திறக்கச் சொல்லி உத்தரவு கொடுப்பது மட்டும்தான். சில கார்களில் பார்க்-நியூட்ரல் சுவிட்ச் ரிலேயின் எர்த் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் ரிலேயே கிடையாது. வரிசை மாறினாலும் கதை ஒன்றுதான்.

எந்தப் பாதையில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஹெட்லைட் போதும். இருட்டான இடத்தில் அல்லது சுவரைப் பார்த்தபடி வண்டி நிற்கும்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் வரை திருப்புங்கள்.

வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல், எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்தால், ஸ்டார்ட்டருக்கு உத்தரவே போகவில்லை. மெல்லிய பாதையைத் தேடுங்கள். (சில கார்களில் சாவி ஸ்டார்ட்டுக்குப் போனதும் ஹெட்லைட் தானாக அணையும். அப்படிப்பட்ட காரில் உள்ளே இருக்கும் ரூம் லைட்டைப் பாருங்கள்.) வெளிச்சம் மங்கி அணைகிற மாதிரி ஆகி, 'டக டக டக' என்று வேகமாகச் சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. சோலனாய்டு இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, விடுகிறது, மறுபடி இழுக்கிறது. வெளிச்சம் லேசாகக் குறைந்து ஒரே ஒரு கனமான 'டக்' மட்டும் கேட்டால் உத்தரவு வந்துவிட்டது, ஆனால் ஸ்டார்ட்டரின் உள்ளே பெரிய கரன்ட் பாயவில்லை. ஒரு 'டக்'கோடு வெளிச்சம் அடியோடு செத்தால், பேட்டரி நல்லதாக இருக்கும் பட்சத்தில், ஸ்டார்ட்டரோ எஞ்சினோ இறுகிப் போயிருக்கலாம். 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் வேகமாகச் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் (எஞ்சினின் பல்வளையத்தைக் கவ்வும் ஸ்டார்ட்டரின் பல்சக்கரம்) வழுக்குகிறது.

பேட்டரி: எண்ணைப் பார்க்காமல் பேசாதீர்கள்

"ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பது தவறான முடிவு. ஹாரனுக்கு வேண்டியது சில ஆம்பியர், ஸ்டார்ட்டருக்கு வேண்டியது அதைப் போல முப்பது நாற்பது மடங்கு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வைத்து அளந்துவிடுங்கள்.

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறத்தாழ காலி. இது முதல் அளவு. இதைவிட முக்கியமானது இரண்டாவது அளவு: ஒருவர் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நிற்கும்போது 12.6 காட்டிவிட்டு, அடிக்கும்போது 7-க்கோ 8-க்கோ சரிகிற பேட்டரிக்கு உள்ளே ஏதோ ஒரு செல் போயிருக்கலாம். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியாக இருந்தால் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டுப் பார்க்கலாம். ஒரு செல்லின் அளவு மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் இல்லை.

எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். இது இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவில்லை. புது பேட்டரி போட்டாலும் அடுத்த சில நாளில் அதே கதை. எல்லாம் சரி, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ கரன்ட் கசிகிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் மாட்டி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவி, எதை உருவும்போது இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். டிக்கி லைட்டும், பின்னால் பொருத்திய மியூசிக் சிஸ்டமும் முதல் குற்றவாளிகள். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது தவறியும் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சோடா உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, 10 எம்.எம். ஸ்பானரால் இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கையால் திருகினால் கிளாம்ப் அசைகிறது என்றால் அதுவே காரணமாக இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத திருட்டு

பேட்டரி நல்லது, டெர்மினல் சுத்தம், ஆனாலும் செல்ஃப் முனகுகிறது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஸ்டார்ட்டரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுப்பார்கள். அதற்கு முன் கேபிள்களை அளக்க வேண்டும், அதுவும் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது. வழியில் எங்கோ துருப்பிடித்த ஒரு போல்ட்டில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருக்கிறது. 150-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 1.5 வோல்ட். அந்த ஒன்றரை வோல்ட் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேராமல் அந்தப் போல்ட்டைச் சூடாக்கித் தீர்ந்துபோகிறது. மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் இந்தத் தடை தெரியவே தெரியாது, 'கனெக்‌ஷன் இருக்கு' என்றுதான் பீப் அடிக்கும். சாதாரண மீட்டரால் நூறில் ஒரு ஓம்மைப் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவேதான் வோல்ட் இழப்பை அளக்கிறோம்.

முதலில் எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்கப் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை அல்லது ரிலேயை உருவிவிடுங்கள். கியர் பி-யில் (பார்க்), ஹேண்ட் பிரேக் இழுத்து, உதவியாள் பிரேக்கை மிதித்தபடி இருக்கட்டும். மீட்டரின் சிவப்பு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையிலேயே வையுங்கள். கிளாம்பின் மேல் வைத்தால் கிளாம்புக்கும் முனைக்கும் நடுவே உள்ள கோளாறு தப்பிவிடும். கறுப்பு முள்ளை ஸ்டார்ட்டரில் தடித்த கேபிள் சேரும் போல்ட்டில் வையுங்கள். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அடுத்து எர்த் பக்கம்: ஒரு முள் எஞ்சினின் சுத்தமான உலோகத்தில், இன்னொன்று பேட்டரியின் நெகட்டிவ் முனையில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

எர்த் பக்கம் 0.8, 1.0 என்று காட்டினால், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே, கியர்பாக்ஸ் மவுண்ட்டுக்கு அருகே பின்னல் போட்ட பட்டை ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள். இருபது வயதுக் காரில் அது பச்சை பூத்து, பாதி இழை அறுந்து தொங்கும். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ஜம்ப் கேபிளின் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரன்ட் எடுக்கும் கேபிள்) கறுப்பு வயரை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை எஞ்சினில் ஒரு நல்ல போல்ட்டிலும் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். உடனே உற்சாகமாகச் சுழன்றால் குற்றவாளி எர்த். இன்னொரு அறிகுறியும் உண்டு. எர்த் பட்டை போன காரில் கரன்ட் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகத் திரும்பும். சில முறை செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள் கை சுடும்.

பார்க்-நியூட்ரல் சுவிட்ச்: ஆட்டோமேட்டிக்குக்கே உரிய வில்லன்

ஹெட்லைட் மங்கவில்லை, 'டக்' சத்தமும் இல்லை. மேனுவல் கார்களிலேயே பழகியவர்கள் நேராகச் சாவி சுவிட்சுக்குப் போவார்கள். ஆட்டோமேட்டிக்கில் அதற்கு முன் கியர் லீவரைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

வண்டி கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆனால் பாய்ந்துவிடும். அதைத் தடுக்க கியர்பாக்ஸின் வெளியே, கியர் கேபிள் வந்து சேரும் தண்டின் மேல், ஒரு சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. பி-யிலும் என்-னிலும் (நியூட்ரல்) மட்டும் ஸ்டார்ட்டர் உத்தரவைக் கடத்திவிடும், மற்ற இடங்களில் துண்டித்துவிடும். பெரும்பாலான கார்களில் ரிவர்ஸ் லைட்டை எரிய வைப்பதும், டாஷ்போர்டில் எந்த கியர் என்று காட்டுவதும் இதே சுவிட்ச்தான். இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்றும் சொல்வார்கள். முன்சக்கர இழுவைக் கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டியையோ பேட்டரித் தட்டையோ எடுத்தால் கீழே தெரியும். மழைத்தண்ணீர், சேறு, கசியும் கியர் எண்ணெய் எல்லாம் நேராக அதன் மேல்தான் விழும்.

சோதனை எளிது. பிரேக்கை முழுதாக மிதித்து, லீவரை என்-னுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்புங்கள். பி-யில் அடிக்காத செல்ஃப் என்-னில் அடித்தால் விஷயம் முடிந்தது, சுவிட்ச் நகர்ந்திருக்கிறது அல்லது கேபிள் தளர்ந்திருக்கிறது. என்-னிலும் அடிக்கவில்லை என்றால், சாவியை ஸ்டார்ட்டிலேயே பிடித்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், லீவரை பி-யிலும் என்-னிலும் இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் 'கர்ர்' என்று அடித்தால் அதே முடிவுதான். டாஷ்போர்டில் 'பி' விளக்கு எரியாமல் இருப்பது, ரிவர்ஸ் லைட் சில நாளாக எரியாமல் இருப்பது, இவையெல்லாம் முன்கூட்டியே வந்த எச்சரிக்கைகள்.

காரணம் சுவிட்ச்தானா, கேபிளா? லீவரின் அடியிலும் கியர்பாக்ஸ் முனையிலும் கேபிளைப் பிடித்திருக்கும் நைலான் புஷ் வருடக்கணக்கில் தேய்ந்து தளரும். உள்ளே லீவர் பி-யில் நிற்கும், வெளியே தண்டு பி-க்கும் ஆர்-க்கும் (ரிவர்ஸ்) நடுவே நிற்கும். இது செல்ஃப் பிரச்சினையோடு முடிவதில்லை. பார்க்கிங் பூட்டு முழுதாக விழாமல் சரிவில் வண்டி உருண்டுவிடும். ஒருவர் உள்ளே லீவரை நகர்த்த, இன்னொருவர் வெளியே தண்டைப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் எஞ்சின் ஓடக் கூடாது, சக்கரங்களுக்குக் கல் வைத்திருக்க வேண்டும்.

கேபிள் சரியாக இருந்தால் சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, மீட்டரை பீப் அளவில் வைத்து, ஸ்டார்ட்டருக்கான இரண்டு பின்களைத் தொடுங்கள். எந்த இரண்டு என்பதற்கு அந்தக் காரின் வயரிங் படம் தேவை. பி, என் இரண்டிலும் பீப் வர வேண்டும், ஆர், டி-யில் வரக் கூடாது. பல டொயோட்டா, நிசான் கார்களில் சுவிட்சைப் பிடிக்கும் போல்ட் ஓட்டைகள் நீள்வட்டமாக இருக்கும். லீவரை என்-னில் வைத்து, போல்ட்டைத் தளர்த்தி, சுவிட்சின் மேல் செதுக்கிய கோட்டையும் தண்டின் பள்ளத்தையும் நேராக்கி, மறுபடி இறுக்கினால் சரியாகிவிடும். சின்ன போல்ட், அலுமினிய மரை. பலம் காட்ட வேண்டாம். முடித்த பிறகு பிரேக்கை மிதித்தபடி நாலு இடத்திலும் சோதியுங்கள். டி-யிலோ ஆர்-இலோ செல்ஃப் அடித்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டு வயரையும் வெட்டி ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். "இனிமே பிரச்சினையே வராது சார்" என்பார்கள். வரும்: யாரோ ஒருநாள் டி-யில் விட்டுப்போன வண்டியில் இன்னொருவர் சாவியைத் திருப்பும்போது. பழைய காரை வாங்கும்போது, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி டி-யில் செல்ஃப் அடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

லீவர் பி-யை விட்டு நகரவே மறுத்தால் அது வேறு பூட்டு. பிரேக் லைட் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ் போயிருக்கும். பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்தாலே தெரியும்.

மெல்லிய பாதையில் மீதி இருப்பவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ஸ்டார்ட்டர் ரிலேயை அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாவி சுவிட்சின் உள்முனைகள் தேய்ந்தால் சாவியைக் கொஞ்சம் முன்பின் ஆட்டும்போது அடிக்கும். பின்னால் பொருத்திய திருட்டுத் தடுப்பு அலாரம் இருந்தால், அதன் சின்ன ரிலே ஸ்டார்ட்டர் வயரை வெட்டித்தான் மாட்டப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்குக்கு அடியில் டேப் சுற்றிய மூட்டையாக அது தொங்கினால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

ஸ்டார்ட்டர்

ஒரே 'டக்', கேபிள்களில் வோல்ட் இழப்பு இல்லை, பேட்டரி நல்லது. இப்போது ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்கலாம். மரக் கைப்பிடியால் அதன் உடம்பில் லேசாகத் தட்டியதும் செல்ஃப் அடித்தால் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் துண்டு) தேய்ந்திருக்கிறது. தட்டுவது வீடு போய்ச் சேருவதற்கான வழிதான், மருந்து அல்ல.

டொயோட்டா கார்களில் பரவலாக வரும் டென்சோ ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சோலனாய்டுக்குள் இருக்கும் இரண்டு செம்புத் துண்டுகள்தான் அரித்துப்போகும். பிளஞ்சர் என்ற உள்தண்டின் வட்டத்தகடு வந்து இந்த இரண்டையும் ஒருசேரத் தொட்டால்தான் மோட்டாருக்குக் கரன்ட் போகும். ஒரு துண்டு மற்றதைவிட அதிகமாகத் தேய்ந்துவிட்டால் தகடு ஒரு பக்கம் மட்டும் தொட்டு நிற்கும்: 'டக்', அமைதி. பத்து முறை திருப்பினால் பதினோராவது முறை அடிக்கும். மூன்று திருகைக் கழற்றி மூடியைத் திறந்தால் செம்பில் படிக்கட்டு மாதிரி பள்ளம் தெரியும். செம்புத் துண்டுகளும் பிளஞ்சரும் தனியாகக் கிடைக்கின்றன, முழு ஸ்டார்ட்டர் வாங்க வேண்டியதில்லை.

பல்லோடு பல் உரசும் 'கறகற' சத்தம் வந்தால் பெண்டிக்ஸ் பல்லையும், அது கவ்வும் வளையத்தையும் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் கனமான ஃப்ளைவீல் கிடையாது, ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகடுதான். அதில் விரிசல் விட்டால் ஸ்டார்ட் ஆகும்போதும் ஐடிலிலும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலிருந்து தட்டும் சத்தம் வரும். அதைப் பார்க்க கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

எஞ்சினே இறுகியிருக்கிறதா என்று தெரிய, கிராங்க் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். பெரும்பாலான எஞ்சின்கள் கடிகார முள் திசையில் சுழலும். பழைய ஹோண்டா டி, பி வரிசை எஞ்சின்கள் எதிர்த்திசை.

செல்ஃப் அடிக்கிறது, பற்றவில்லை

ஒரு தடவையில் 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது ஸ்டார்ட்டரை ஆறவிடுங்கள். எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் ஒரே சீராகச் சுழல்கிற மாதிரி கேட்டால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் பெல்ட்) அறுந்திருக்கலாம். மேலும் சுழற்றினால் பல எஞ்சின்களில் வால்வுகள் வளையலாம்.

சாவியை ஆன் வரை மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். பல கார்களில் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ஸ்ஸ்ஸ்' என்று ஓடி நிற்க வேண்டும். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். 1990-களின் ஹோண்டாக்களில் இதற்கென்றே பேர்போன ஒரு கோளாறு உண்டு. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலேயின் ஈயப் பற்றுகள் நாளடைவில் மோதிரம் போல விரிசல் விடும். காலையில் ஸ்டார்ட் ஆகும், மதியம் வெயிலில் நிறுத்திய வண்டி ஆகாது, கண்ணாடியை இறக்கி அரை மணி நேரம் விட்டால் ஆகும். ரிலேயைத் திறந்து, பற்றுகளைப் புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும். பம்ப் நன்றாக இருந்தும் காலையில் மட்டும் நெடுநேரம் அடிக்க வேண்டியிருந்தால், இரவில் பைப்பிலுள்ள அழுத்தம் இறங்கிவிடுகிறது. சாவியை ஆன், ஆஃப் என்று மூன்று முறை செய்து, பிறகு அடித்ததும் ஸ்டார்ட் ஆனால் அது உறுதி.

சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் சிமிட்டினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் அணைவதும் இதே வகைதான். அதே வளையத்தில் வேறு சிப் சாவிகள் இருந்தால் பிரித்துவிட்டு முயலுங்கள், பிறகு இரண்டாவது சாவியை. ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. திருப்பும் சாவியின் சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம்.

செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமும் அசையவில்லை, ஸ்பார்க்கும் இல்லை என்றால் கிராங்க் சென்சாரோ டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) உட்பகுதியோ போயிருக்கலாம். இவையும் சூட்டில் செத்து ஆறியபின் உயிர்பெறும் ரகம். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் பிளக் நனைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். பற்றியதும் காலை எடுத்துவிடுங்கள், வண்டி பி-யில் இருக்கட்டும்.

நடுரோட்டில் நின்றால்

ஜம்ப் கேபிள் போடும் வரிசை: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை செத்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் இருக்கலாம், அதற்காகத்தான் இந்தத் தள்ளிவைப்பு. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அடியுங்கள். கேபிள் மெல்லியதாக இருந்தால் அது சூடாவதுதான் மிச்சம்.

அதற்கும் மசியவில்லை என்றால் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாது, உருளும் பாகங்கள் வறண்டு தேயும். முன்சக்கர இழுவைக் கார் என்றால் முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டி, அல்லது தட்டையான லாரி.

எப்போதாவது மட்டும் வரும் கோளாறு

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது, பத்து நாளுக்கு ஒருமுறை மட்டும் வந்து, மெக்கானிக் முன்னால் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும் வண்டி. இதற்கு ஒரு 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் லைட் பல்பு போதும். சோலனாய்டுக்கு வரும் மெல்லிய உத்தரவு வயரிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு இழை எடுத்து, ரப்பர் துளை வழியே உள்ளே கொண்டுவந்து, பல்பை டாஷ்போர்டில் கண்ணில் படும்படி மாட்டி, மறுமுனையை பாடி எர்த்தில் கொடுங்கள். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் அது எரியும். என்றைக்கு அடிக்கவில்லையோ அன்றைக்குப் பல்பைப் பாருங்கள். எரிந்தால் ஸ்டார்ட்டர் அல்லது தடித்த கேபிள். எரியாவிட்டால் சாவி சுவிட்ச், பார்க்-நியூட்ரல் சுவிட்ச், ரிலே. அந்த இடத்திலேயே சாவியை விடாமல் லீவரை என்-னுக்குத் தள்ளிப் பார்த்தால், கோளாறு பார்க்-நியூட்ரல் சுவிட்சிலா இல்லையா என்பதும் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும்.